வீட்டில் வாடை

அன்று குருவிநத்தம் சமுதாயக் கூடத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மேடையில் நடு நாற்காலியில் ஒருங்கிணைப்பு அலுவலர் கலைவேந்தன். அவருக்கு வலப்பக்கம் சிறப்பு விருந்தினர் டாக்டர் இளவரசி. இடப்பக்கம் தூய்மை ஆய்வாளர் அருள்தாஸ், மடியில் சால்வைகளோடு. மேடை ஓரத்தில், ஒலிபெருக்கிப் பெட்டியின் விசைமேல் விரலை வைத்தபடி, முகப்பு எழுத்தர் ஆரோக்கியசெல்வி. கீழே முதல் வரிசையில் என் மனைவி விருத்தாம்பாள், என் மருமகள் அர்ச்சனா, பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை. அவர்களுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள். கடைசி வரிசையில், பிரியாணி உண்டு என்று யாரோ சொன்னதை நம்பி வந்த சில ஆண்கள். விருது வாங்குவதற்காக மேடையில் நின்றுகொண்டிருந்த உலகநாதன் நான்.

வேறு யாரும் அங்கே இல்லை. மதகடிப்பட்டுக் கடைத்தெருவில் உள்ளவர்களெல்லாம் நேரில் பார்த்ததாகச் சொல்வதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பம் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் என் தாத்தா மேரிக்குள், அதாவது அன்றைய மன்ற அலுவலகத்துக்குள், தலைப்பாகையை அவிழ்க்காமல் நுழைந்தவர். எங்கள் வீட்டுப் பெண்களின் பெயர் தெருவில் ஒலித்ததில்லை. நானும் என் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வெளியாரிடம் பேசும்போது 'வூட்ல' என்பேன். 'வூட்ல கோயிலுக்குப் போயிருக்காங்க' என்பேன். 'வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன்' என்பேன். எங்கள் பக்கத்தில் மானமுள்ள ஆண் எவனும் அப்படித்தான் சொல்வான். எழுத்தில் பெயர் போடுவதில் தவறில்லை என்பதால் மேலே போட்டிருக்கிறேன்.

பொங்கலை ஒட்டி விருத்தாம்பாளிடம் சில மாற்றங்களைக் கண்டேன். பஸ்ஸில் ஏற மறுத்தாள். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். பின்கட்டு அறையில் தனியாகப் படுத்துக்கொண்டாள். காலையிலிருந்து இரவு வரை அந்த அறையில் ஊதுவத்தி புகைந்துகொண்டே இருந்தது. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். கிருமாம்பாக்கத்தில் இரண்டொருவரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

அர்ச்சனாதான் ஒருநாள் கதவோரம் நின்று, "மாமா, அத்தைக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள்.

"இன்னா ஒடம்புக்கு?"

"பொம்பளைங்க சமாச்சாரம்."

"அத ஏன் என்கிட்ட சொல்ற?"

"நான் கூப்ட்டா வரமாட்றாங்க. 'உங்க மாமா சொல்லட்டும், வரேன்'றாங்க." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னாள். "கீழ வாடை வர்து மாமா. சாதாரண வாடை இல்ல. அழுகினாப்புல. தண்ணியா கசியுது, அதுல ரத்தம் கலந்து வர்து. அத்தைக்கு மாசாமாசம் வர்ற தூரம் நின்னு எத்தினி வருஷம் ஆவுது! நின்னுபோனது திரும்ப வந்தா சும்மா இருக்கக் கூடாதாம். போன்ல படிச்சேன்."

மருமகள் போனில் படிப்பது குடும்பத்துக்கு நல்லதல்ல என்று கண்டித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்கட்டு அறைக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே அவள் முனகுவது கேட்டது. நான் இருமினேன். முனகல் நின்றது. நாங்கள் எப்போதும் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிடலாம். மக்களின் வசதிக்காக அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இப்போது எங்கள் பகுதிக்கு 'நலவாழ்வு மற்றும் தூய்மை ஒற்றைச் சாளர மையம்' என்று ஒன்று வந்திருக்கிறது. காய்ச்சல், கழிவுநீர், பிரசவம், பன்றித் தொல்லை எல்லாவற்றுக்கும் ஒரே சன்னல். அங்கே பதிந்து எண் வாங்கினால்தான் மேற்கொண்டு எங்கும் போக முடியும். சன்னலுக்குத் தடித்த கண்ணாடி. அதனால் உள்ளே ஒரு மைக், வெளியே ஒரு மைக். இருபக்கமும் பேசுவது, வெளிப்படைத்தன்மையை முன்னிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கி. கண்ணாடியின்மேல் 'கண்ணியமான சொற்களை மட்டும் பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு அந்த இடத்தின்மேல் மதிப்பு வந்தது.

"நானும் வரேன் மாமா, நானே சொல்லிடறேன்" என்று அர்ச்சனா கெஞ்சினாள். எங்கள் வீட்டு மருமகள் மைக்கில் பேசுவதா? நானே போனேன்.

"வணக்கம். யாருக்கு பிரச்சன?" என்றது ஒலிபெருக்கி. உள்ளே உதட்டை அசைத்தவர் ஆரோக்கியசெல்வி. என் பின்னால் வரிசையில் பாதி ஊர் நின்றது.

"வூட்ல" என்றேன்.

"வூட்ல இன்னா பிரச்சன பெரியவரே?"

குரலைத் தாழ்த்தினேன். ஒலிபெருக்கி அதை உயர்த்தியது. "வாடை."

"எம்மா நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியிலேருந்து."

"எந்தப் பக்கம்?"

"கீழ."

"கீழதானா? மாடியில இல்லியே?"

இதென்ன கேள்வி என்று ஒரு கணம் திகைத்தேன். தலை, மார்பு என்று கேட்பதை நாசூக்காகக் கேட்கிறார் போலும். "இல்லம்மா. கீழ மட்டும்தான்."

"கசிவு இருக்குதா?"

"இருக்குது."

"இன்னா கலரு?"

"செவப்பு கலந்தாப்புல."

"துருவா இருக்கும். எப்ப கட்டுனது?"

"எழுவத்தெட்டுல" என்றேன். வைகாசி மாதம், பாகூர்க் கோயிலில்.

"அப்ப ரொம்ப பழசு. நடுவுல ரிப்பேர் எதுனா பாத்தீங்களா?"

இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகனைப் பெரிய ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். "ஒருவாட்டி தொறந்து தச்சாங்க" என்றேன்.

ஆரோக்கியசெல்வி கண்ணாடிக்கு உள்ளே நெற்றியைச் சுருக்கினார். என்றாலும் தட்டச்சு செய்துகொண்டார். "ஆளுங்க நேர்ல வருவாங்க. அதுவரைக்கும் நீங்களா கைவெக்காதீங்க."

வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பேர் நடுவில், ஒரு தகாத சொல் இல்லாமல், என் மனைவியின் நோயைக் கேட்டு முடித்துவிட்டார். நல்ல குடும்பத்தில் பிறந்த பெண் என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, "பெரிய டாக்டரம்மாவே நேர்ல வராங்க" என்றேன். விருத்தாம்பாள் குளித்து, பெட்டியிலிருந்த சுங்குடிப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அர்ச்சனா கட்டிலுக்குப் புதுவிரிப்புப் போட்டாள். காத்திருந்தோம். அடுத்த வாரம்தான் வந்தார்கள்.

வந்தது ஒரு தண்ணீர் லாரி, ஒரு டிராக்டர், அருள்தாஸ், அவருடைய ஆட்கள், நீளமான இரும்புக் கழிகள், ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள். டிராக்டரின் முகப்பில் 'துர்நாற்றத்தை ஒழிப்போம்' என்று பேனர் கட்டியிருந்தது. அதைப் பார்த்துத் தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது.

"எங்க பெரியவரே, கீழ?" என்று அருள்தாஸ் கேட்டார்.

நான் அவரை ஒதுக்குப்புறமாக அழைத்தேன். "தம்பி, டாக்டரம்மா வரலியா?"

"செப்டிக் டேங்குக்கு டாக்டர் எதுக்கு?" என்று அவர் உரக்கச் சிரித்தார். தெருவும் சிரித்தது.

அங்கே நான் சொல்லியிருக்கலாம் என்று அர்ச்சனா இன்றும் சொல்கிறாள். எதிர்வீட்டு வாசலில் சம்பந்தி வீட்டார் நின்றார்கள். எதைச் சொல்வது? நான் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு தொட்டி இருக்கும் இடத்தைக் காட்டினேன்.

மூடியைத் திறந்தார்கள். அருள்தாஸ் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "வாடையே இல்லியே!" என்று ஏமாற்றத்தோடு சொன்னார். "இம்மா சுத்தமான டேங்க்க நான் பாத்ததே இல்ல. நெசமா வாடை வந்துச்சா?"

"வந்துச்சு."

"வாடை வர்தா இல்லியான்னு நீங்க சொல்ல முடியாது பெரியவரே. அது துறைதான் சொல்லணும்."

இருந்தாலும் வந்ததற்கு வேலை செய்ய வேண்டும் என்று குளியலறையிலிருந்து வாசல்வரை குழாய்ப் பாதையைத் தோண்டிப் போட்டார்கள். போகும்போது ஒரு பை ப்ளீச்சிங் பவுடரைத் தாழ்வாரத்தில் வைத்து, "தண்ணில கலக்கி தினம் ஊத்துங்க, சரியாய்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. விருத்தாம்பாள் உள் அறையில் இருந்தபடி அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டிருக்கிறாள். டாக்டர் அனுப்பிய மருந்து என்று நம்பிவிட்டாள். வாளியில் கலக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனவளை அர்ச்சனா கதவைத் தட்டித் தடுத்தாள்.

"அத்தை! ஐயோ, அது சாக்கடைக்கு போடறது!"

"உங்க மாமா எனக்குன்னுதான சொல்லி வாங்கியாந்தாரு?"

"வெந்து பூடும் அத்தை! எம்மா நாளா இப்படி எதையாச்சும் ஊத்திக்கினு இருக்கீங்க?"

"டெட்டாலு ஊத்தினேன். எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். வாசனை சோப்பு போட்டேன். எல்லாத்துக்கும் எரியுது, அதிகமாத்தான் ஆவுது. நான் இன்னாதான்டி பண்றது?" என்று விருத்தாம்பாள் அழுதாள். என் மனைவி சத்தமாக அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தோண்டிய பள்ளத்தின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். தாண்டிப் போகவில்லை.

மறுநாள் மறுபடி சன்னலுக்குப் போனேன்.

"அம்மா, தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க. வாடை வூட்ல இல்ல."

"வூட்லன்னுதான சொன்னீங்க?"

"வூட்லதான். அந்த வூட்ல இல்ல. இது... வூட்ல."

"எத்தினி வூடு பெரியவரே உங்களுக்கு?" என்றது ஒலிபெருக்கி. வரிசையில் பெரும் சிரிப்பு. அன்று மாலைக்குள் எனக்குக் கடலூரில் ஒரு சின்ன வீடு இருப்பதாக ஊர் முடிவு செய்துவிட்டது.

"ஆளுக்கும்மா, ஆளுக்கு! ஒடம்புக்கு!" என்றேன்.

"அத மொதல்லியே சொல்ல வேணாமா? எந்த உறுப்பு? கம்ப்யூட்டர்ல தல இருக்குது, கண்ணு, காது, கை, காலு, வயிறு இருக்குது."

"வயித்துக்குக் கீழ?"

"வயித்துக்குக் கீழ முட்டிதான் இருக்குது. முட்டின்னு போடட்டா?"

"நடுவுல எதுவும் இல்லியா?"

"கண்ணியம் இல்லாததெல்லாம் எடுத்துட்டாங்க. பெரிய சார் உத்தரவு." அவர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு, "முட்டியில வாடைன்னு போட்டா எலும்பு டாக்டர்ட்ட அனுப்புவாங்க, பரவால்லியா?" என்றார்.

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏதாவது ஒரு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டிருந்தேன். ஆனால் பழைய புகார் முடியாமல் புதிய புகாரைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. வாடை உண்டு என்று நானும் இல்லை என்று அருள்தாஸும் சொன்னதால், எங்கள் வீட்டு வாடை விஷயம் தானாகவே மேல்முறையீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

மேல்முறையீடு என்றால் முகர்வுக் குழு. அதிகாரிகள் வீட்டுக்கு வந்து ஒவ்வோர் அறையாக முகர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். முதல் தடவை வந்தபோது ஒருவருக்குச் சளி. ஒரு மூக்கு குறைந்தாலும் முடிவெடுக்க விதியில்லை என்று திரும்பிப் போய்விட்டார்கள். அவருக்குச் சளி சரியாக மாசி பிறந்துவிட்டது. அதற்குள் விருத்தாம்பாளுக்கு எழுந்து நடந்தால் தலை சுற்றியது. முகம் வெளுத்துப்போய்விட்டது. இடுப்பு வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

"மாமா, எந்த நம்பரும் வேணாம். ஆட்டோ வெச்சி புதுச்சேரிக்கு கூட்டிக்கினு போலாம்" என்றாள் அர்ச்சனா.

"அங்க போயி யார்ட்ட இன்னான்னு சொல்லுவ?"

"இருக்கறத சொல்லுவேன்."

"அததான் சொல்லக் கூடாதுன்றேன்."

குழு இரண்டாம் தடவை வந்தது. எல்லாரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முகர்ந்தபடி நடந்தார்கள். கலைவேந்தனே தலைமை தாங்கி வந்திருந்தார். அடுக்களை, கூடம், கொல்லை எல்லாம் முகர்ந்துவிட்டுப் பின்கட்டு அறை வாசலில் நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே விருத்தாம்பாள். ஒரு கட்டு ஊதுவத்தியை மொத்தமாகக் கொளுத்தியிருப்பாள். கதவிடுக்கில் புகை வந்தது.

அருள்தாஸ் மூக்கை உயர்த்தினார். "சார், இங்க வேற எதுவோ லேசா..."

கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று குலதெய்வத்தை வேண்டினேன். கண்டுபிடித்துவிட வேண்டுமே என்றும் அதே தெய்வத்தைத்தான் வேண்டினேன்.

கலைவேந்தன் கண்ணை மூடி ஆழ இழுத்தார். "மல்லிகை" என்றார். "அருள்தாஸ், இதுவரை எந்த வீட்டில் இப்படியொரு வாசனை கிடைத்திருக்கிறது? துர்நாற்றம் என்று புகார் வந்த இடத்தில் மல்லிகை! நம் ப்ளீச்சிங் பவுடரின் வெற்றி அல்லவா இது?"

இப்படியாகத்தான் எங்கள் வீட்டுக்கு, கொம்யூனின், அதாவது எங்கள் பஞ்சாயத்துப் பகுதியின், முதல் 'நறுமண இல்லம்' விருது கிடைத்தது.

விருதை நான் மறுக்கவில்லை. அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் மகப்பேறு மருத்துவர் டாக்டர் இளவரசி என்றிருந்தது. விழா முடிந்து காரில் ஏறும் முன் அவரை ஓரமாக அழைத்து இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இல்லத்தரசியும் வந்தால்தான் சால்வை என்றார்கள். விருத்தாம்பாளை அர்ச்சனாவும் சின்னப்பிள்ளையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். உட்கார்ந்த இடத்தைச் சுற்றி அர்ச்சனா சென்ட் தெளித்தாள்.

கலைவேந்தன் பேசினார். அவர் பேச்சை நான் மறக்க மாட்டேன்.

"இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து பெண்கள் நோய் பற்றி எத்தனை புகார் வந்திருக்கிறது தெரியுமா? ஒன்றுகூட இல்லை! நம் பெண்கள் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பக்கத்து மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் வருகிறதாம். காரணம் என்ன? அங்கே கேட்கிறார்கள், நாம் கேட்பதில்லை. கேட்டால்தானே நோய்? பதிந்தால்தானே எண்ணிக்கை? எங்கள் கம்ப்யூட்டரில் மனித உடலைக் கண்ணியமாக்கி வைத்திருக்கிறோம். இந்த வேலைக்கு மட்டும் ஓராண்டு ஆயிற்று. முன்பு ஒரு பெண் மருத்துவர், பெயர் வேண்டாம், 'வாடையில் மாற்றம் வந்தால் தயங்காமல் வாருங்கள்' என்று சுவரொட்டி ஒட்டச் சொன்னார். நான் அதில் ஒரு சிறு திருத்தம்தான் செய்தேன். 'வானிலையில் மாற்றம் வந்தால்' என்று போட்டேன். இன்றுவரை யாரும் குறை சொல்லவில்லை."

கைதட்டினார்கள். டாக்டர் இளவரசி கைதட்டவில்லை. அந்தப் பெயர் வேண்டாத மருத்துவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

சால்வை போர்த்தினார்கள். விருத்தாம்பாளை மேடையேற்றி நிறுத்தினார்கள். கலைவேந்தன் மைக்கை அவள் முன் நீட்டி, "அம்மா, உங்க வூட்ல இப்ப வாடை இல்லன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை இலேசாக அசைத்தேன். இத்தனை ஆண்டுகளில் அந்த அசைவுக்கு அவள் கட்டுப்படாமல் இருந்ததில்லை.

"வூட்ல வாடை இல்லிங்க" என்றாள். கூட்டம் தட்டியது. அவள் மைக்கை விடவில்லை. "எனக்குத்தான் வாடை. இவரு வூட்லன்னு சொன்னது என்னிய. நீங்க வூட்ட தோண்டிட்டீங்க."

ஆரோக்கியசெல்வி விசையைப் பார்த்தார். கலைவேந்தன் கண்ணைக் காட்டினார். உடனே ஆரோக்கியசெல்வி ஒலிபெருக்கியை அணைத்தார். விருத்தாம்பாள் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு, வயலுக்கு மறுபக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடும் குரலில் பேசினாள்.

"தூரம் நின்னு பூட்டுது எனக்கு. இப்ப ரத்தமும் தண்ணியுமா ஊத்துது. செத்த எலி கெடக்கறாப்புல வாடை. நான்தான் எதுவோ பாவம் பண்ணேன்னு பின்கட்டுல படுத்துக் கெடக்கறேன். ஊதுவத்தி கொளுத்தனது அதுக்குத்தான். அத மோந்துட்டுத்தான் சால்வ போட்டுட்டீங்க. டாக்டரம்மா, நான் சாவப்போறேனா? இத மட்டும் சொல்லிடுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரை பிளக்கவில்லை.

"இது நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றார் கலைவேந்தன்.

அப்போது கீழேயிருந்து சின்னப்பிள்ளை எழுந்தாள். "அக்காவே சொல்லிட்டாங்கோ, நானும் கேட்டுடறேன். எனக்கு மீன் வாடை அடிக்கிதுங்க டாக்டரம்மா. எம் புருசன், நீ எனக்கு தெரியாம கருவாடு வாங்கி துன்றடின்னு தெனம் சண்ட போடறான். வூட்ல சட்டிய ஒண்ணுவுடாம தொறந்து பாத்துட்டான்!"

பின்வரிசையில் பிரியாணிக்காக வந்தவர்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார். அவர் சின்னப்பிள்ளையின் புருஷன்.

பெண்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டாக்டர் இளவரசி எழுந்து விருத்தாம்பாளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பேசினார்.

"பாவமும் இல்ல, புண்ணியமும் இல்லம்மா. எல்லாரும் கேளுங்க. பொம்பள ஒடம்புக்குன்னு ஒரு வாடை உண்டு. அது நோய் இல்ல. தூரத்துக்கு முன்ன பின்ன, வேர்வையில, கொஞ்சம் மாறும், தானா சரியாவும். மீன் வாடையா மாறி தண்ணியா வெள்ளைப்பட்டா, ஆஸ்பத்திரிக்கு வாங்க, காரணம் பாத்து மாத்திர குடுப்போம், போய்டும். கருவாட்டுச் சட்டிய தேட வேணாம். தயிராட்டம் பட்டு அரிப்பெடுத்தா அதுக்கும் மருந்து இருக்குது. உள்ள டெட்டாலு, சோப்பு, எலுமிச்சம்பழம் எதுவும் போடாதீங்க, அதுவே கெடுக்கும். வாடையோட காய்ச்சலோ அடிவயித்து வலியோ இருந்தா, புள்ள பெத்த ஒடம்புல கெட்ட வாடை வந்தா, அன்னிக்கே வரணும். தூரம் நின்ன பெறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வரணும். இவங்கள நான் இப்பவே கூட்டிக்கினு போறேன்."

"மேடம், பதிவு எண் இல்லாமல் எப்படி?" என்றார் கலைவேந்தன். "அதோடு, நீங்கள் சொன்னவற்றில் பாதிச் சொற்கள் எங்கள் பட்டியலிலேயே இல்லை."

"ஒடம்புல இருக்குது சார்" என்று டாக்டர் சொல்லிவிட்டு விருத்தாம்பாளை எழுப்பினார். மூன்றாம் படியில் அவளுக்குக் கால் மடங்கியது. அர்ச்சனா ஒரு பக்கம் பிடித்திருந்தாள். மறுபக்கம் நான் பிடித்தேன். ஊர் பார்க்க என் மனைவியை நான் தொட்டது அப்போதுதான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே நின்றேன். சட்டைப்பையில் போன் ஒலித்தது. 'தங்கள் வாடைப் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் அளிக்கவும்' என்று வந்திருந்தது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "யாரு கூட வந்தவங்க? பேஷண்ட் பேரு இன்னா?" என்றாள். நடைபாதை முழுக்க ஆட்கள். "விருத்தாம்பாள்" என்றேன். நர்ஸுக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொல்லச் சொன்னாள். உரக்கச் சொன்னேன்.

சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்று என்று முடிவு வந்தது.

"பொங்கலுக்கே வந்திருந்தா எங்களுக்கு இன்னும் சுலபமா இருந்திருக்கும்" என்றார் டாக்டர் இளவரசி.

"இப்ப?"

"இப்ப கஷ்டம். ஆனா கைவுடற கட்டம் இல்ல. கரண்ட் வெக்கணும், ஊசி போடணும். வுடாம வரணும்."

விழாவுக்குப் பிறகு மையத்தின் சன்னலில் பெண்கள் கூட்டம் வருவதாக அர்ச்சனா சொன்னாள். கண்ணியத்துக்குப் பங்கம் வராமல் இருக்க வெளிப்பக்க மைக்கை எடுத்துவிட்டார்களாம். பெண்கள் கண்ணாடியைத் தட்டிக் கத்திச் சொல்கிறார்களாம். ஆரோக்கியசெல்வி எல்லாவற்றையும் முட்டி என்றே பதிகிறாராம். எங்கள் கொம்யூனில் முட்டிவலி திடீரெனப் பரவியிருப்பது குறித்து ஆராயக் கலைவேந்தன் ஒரு குழு அமைத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. மேடையில் குடும்ப மானத்தை வாங்கியதற்காக நான் விருத்தாம்பாளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேன் என்று குருவிநத்தத்திலிருந்து மதகடிப்பட்டுவரை பேச்சு உலவுகிறது. அது பொய். சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து நாங்கள் இருவரும் தங்கியிருக்கிறோம். அவளால் குனிய முடியவில்லை. அவள் துணிகளை நான்தான் துவைக்கிறேன்.